செட்டிநாட்டுச் செம்மண்ணில் வீட்டு மரமும் புல்தரையும்: நடவு முதல் பராமரிப்பு வரை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் வீட்டு மனையில் வைத்த கன்று இரண்டாம் வருடம் காய்ந்து போனாலோ, நாலு வருடமாகியும் ஆள் உயரத்தைத் தாண்டாமல் நின்றாலோ, நர்சரிக்காரரையும் உரத்தையும் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் குழிதான். இங்கே மேலே ஒன்றிரண்டு சாண் செம்மண், அதன் கீழே சரளை, அதற்கும் கீழே செம்பூரான் கல் என்னும் கெட்டியான செந்நிறக் கல். மம்பட்டி எளிதாக இறங்கும் வரை மட்டும் தோண்டி நட்டால் வேர் கல்லைத் தொட்டதும் திரும்பிவிடும். மழைக்காலத்தில் அந்தக் குழியே தண்ணீர் தேங்கும் தொட்டியாகி வேரை அழுகச் செய்யும், சித்திரையில் அதே குழி வறண்டு வேரைச் சுடும். ஆகவே கன்று வாங்கும் செலவைவிடக் குழிக்கு ஆகும் கூலி அதிகமாக இருந்தாலும் யோசிக்க வேண்டாம். அந்தச் செலவு ஒரே ஒரு முறைதான்.

குழி

ஆடி, ஆவணியில் குழி எடுத்துவிடுங்கள். மா, சப்போட்டா, பலா, நெல்லி, தென்னை, வேம்பு போன்றவற்றுக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சீத்தா, கறிவேப்பிலைக்கு இரண்டடி போதும். மேல் ஒரு அடி மண்ணை ஒரு பக்கமும், அடியிலிருந்து வரும் சரளையை இன்னொரு பக்கமும் தனித்தனியே கொட்டச் சொல்லுங்கள். வேலையாட்கள் இரண்டையும் ஒரே குவியலாக்கிவிடுவார்கள், பிறகு பிரிக்க முடியாது. குழியின் பக்கச் சுவர்கள் மம்பட்டி பட்டு மொழுமொழுவென்று இருந்தால் கடப்பாரையால் அங்கங்கே கொத்திவிடுங்கள். இல்லையென்றால் இளம் வேர் அந்தச் சுவரில் நுழையாமல் குழிக்குள்ளேயே வட்டமடிக்கும்.

அடுத்தது தண்ணீர் சோதனை. இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் செம்பூரான் பூமியில் இதைவிட முக்கியமான வேலை வேறில்லை. குழியின் அடியில் நடுவாக ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் சின்னக் குழி ஒன்று எடுத்து அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மறுபடி இரண்டு குடம். இரண்டாவது முறை ஊற்றியது சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலைக்குள் வற்றிவிட்டால் கவலையில்லை. காலையிலும் தண்ணீர் நின்றால் அடியில் கல் மூடியிருக்கிறது என்று பொருள். கடப்பாரையாலோ வாடகைக்குக் கிடைக்கும் பிரேக்கராலோ இரண்டு மூன்று இடத்தில் அந்தக் கல்லைத் துளைத்து ஒன்றரை அடியாவது இறக்க வேண்டும். துளைக்கவே முடியாத கடும் பாறை என்றால் அந்த இடத்தில் குழியில் நடுவதை விட்டுவிட்டு, ஒன்றரை அடி உயரம் ஆறடி அகலத்துக்கு மண் மேடு கட்டி அதன் மேல் நடுவது மேல். அடியில் செங்கல் துண்டும் ஜல்லியும் போட்டால் தண்ணீர் வடியும் என்பது தவறு. வெளியேற வழி இல்லாத குழியில் ஜல்லி போட்டால், தண்ணீர் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் கிட்டத்தில் வரும். அவ்வளவுதான் நடக்கும்.

குழியை இருபது நாளாவது வெயிலில் காயவிட்டுப் பிறகு நிரப்புங்கள். மேல் செம்மண் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படிந்த வண்டல் மண்) ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அரைப் பங்கிலிருந்து முக்கால் பங்கு. மூன்றடிக் குழிக்கு வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ, சூப்பர் பாஸ்பேட் கால் கிலோ. செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அது பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடாது. அதனால்தான் மணிச்சத்தை மேலே தூவாமல் வேர்ப் பக்கத்திலேயே கலக்கச் சொல்கிறோம். கரம்பை ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் கண்மாயில் அள்ள வட்டாட்சியர் அலுவலக அனுமதி வேண்டும். அந்த மண்ணோடு சீமைக் கருவேல விதையும் கோரைக் கிழங்கும் வந்து சேரும் என்பதால், முளைத்த உடனே பிடுங்கிவிட வேண்டும்.

தொழு உரத்தை அதிகம் போட்டால் மரம் வேகமாக வளரும் என்று பாதிக் குழியை அதனாலேயே நிரப்புகிறவர்கள் உண்டு. உரம் மக்க மக்க மண் இறங்கும். கன்றும் கூடவே இறங்கித் தண்டின் அடி பள்ளத்தில் போய் நிற்கும், கார்த்திகை மழையில் தண்டு அழுகும். மக்காத சாணம் போட்டால் கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் நாமே விருந்து வைத்த கதை.

சுண்ணாம்பும் சிமென்ட்டும்

பழைய வீட்டின் காரை இடிந்து விழுந்த இடத்திலும், புது வீடு கட்டியபோது சிமென்ட் கலவை போட்ட இடத்திலும் மண்ணின் தன்மை மாறிவிட்டிருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பின்கட்டுச் சுவரை ஒட்டி இது கண்டிப்பாக இருக்கும். அங்கே எலுமிச்சையோ நாரத்தையோ இட்லிப்பூவோ வைத்தால் கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும், சுண்ணாம்பு இருப்பதால் வேரால் அதை எடுக்க முடியாது. உரம் போட்டுச் சரியாகாது. காரைத் துண்டுகளைப் பொறுக்கி, இரண்டடி ஆழம் மண்ணை மாற்றினால்தான் தீரும். அதைச் செய்ய முடியாதென்றால் அந்த இடத்தில் வேம்போ புங்கனோ வையுங்கள், இரண்டும் பொறுத்துக்கொள்ளும்.

இலை மஞ்சளாவதை எல்லாம் ஒரே நோயாக நினைக்கக் கூடாது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் மேலே சொன்னது. அடி இலை முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. எல்லா இலையும் ஒரே நேரத்தில் வெளிறித் துவண்டால், அதுவும் மழைக்காலத்தில் என்றால், வேரில் தண்ணீர் நிற்கிறது. இலை நுனி மட்டும் கருகினால் போர்த் தண்ணீரில் உப்பு.

எதை, எங்கே

முதல் கேள்வி: வீட்டில் ஆள் இருக்கிறார்களா? சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும் வீடு என்றால், கன்று பிடித்தபின் தண்ணீர் கேட்காத மரங்களைத்தான் வைக்க வேண்டும்: வேம்பு, புங்கன், மகிழம், நாவல், இலுப்பை, நெல்லி, சீத்தா. இவற்றுக்கும் முதல் இரண்டு கோடையில் யாராவது தண்ணீர் ஊற்றியாக வேண்டும், அதற்குப் பிறகு தாமாக நிற்கும். வாழை, எலுமிச்சை, தென்னை எல்லாம் ஆள் இருக்கும் வீட்டுக்கு. தென்னை சரளை மேட்டில் காய்க்கும், ஆனால் வருடம் முழுக்கத் தண்ணீர் விட வேண்டும். ஒரு கோடை தவறினாலும் குரும்பை கொட்டி, அடுத்த வருடக் காய்ப்பு வரை போய்விடும்.

சுவரிலிருந்து தூரம்: வேம்பு, மா, நாவல், பலாவுக்கு இருபதடி. புங்கன், மகிழம், சப்போட்டாவுக்குப் பதினைந்து. கொய்யா, நெல்லி பத்து. மாதுளை, கறிவேப்பிலை, எலுமிச்சைக்கு ஆறேழு அடி. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இதே கணக்கைக் கடைப்பிடியுங்கள். நாட்டு ஓட்டுக் கூரை உள்ள வீட்டில் கிளை கூரைக்கு மேல் வரவே விடக் கூடாது. மாசி, பங்குனியில் கொட்டும் வேப்பிலை ஓட்டுச் சந்தில் அடைத்து, ஐப்பசியில் தண்ணீர் உத்தரத்துக்குள் இறங்கும். பர்மா தேக்குத் தூணும் உத்தரமும் நனைந்தால் நேரும் நட்டம் மரத்தின் நிழலால் ஈடாகாது.

அரசும் ஆலும் வீட்டு மனைக்கே வேண்டாம். நாம் வைக்காவிட்டாலும் காக்கை வைத்துவிடும். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் நாலு இலையோடு ஒரு அரசங்கன்று தெரிந்தால் அந்த மழையிலேயே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி, வெடிப்பைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்துவிடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். ஒரு விரல் தடிமனுக்கு மேல் போய்விட்டால் செங்கலைப் பெயர்க்காமல் எடுக்க முடியாது.

கன்று வாங்கும்போது

உயரமான கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டடி, மூன்றடிக் கன்று சீக்கிரம் வேர் பிடித்து, ஆறடிக் கன்றைச் சில வருடத்தில் எட்டிவிடும். பையைத் தூக்கிப் பாருங்கள். வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கி, அதை அறுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒட்டு மா என்றால் ஒட்டிய இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குக் கீழிருந்து துளிர் இருக்கக் கூடாது. நட்ட பிறகும் ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் கையால் கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டு செத்து, கீழே உள்ள நாட்டு மா மட்டும் மரமாகிவிடும். அது புளிப்புக் காய் காய்க்கும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரிகிறது.

நடவு

புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி நடுவரை நடுங்கள். ஆண்டு மழையின் பெரும் பங்கு நமக்கு வடகிழக்குப் பருவத்தில்தான். இரண்டு மாதம் ஈரத்தில் வேர் ஓடினால் பங்குனி வெயிலைத் தாங்கும். தாழ்வான, கண்மாய் வயலை ஒட்டிய களிமண் மனையில் மட்டும் மழை ஓய்ந்த பிறகு மார்கழிக் கடைசியிலோ தையிலோ நடலாம்.

சாயங்காலம் நடுங்கள். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பைக்குத் தண்ணீர் விட்டால் மண் கட்டி உதிராது. பையை ஒரு பக்கமாகக் கிழித்து முழுவதும் எடுத்துவிடுங்கள். 'மக்கிவிடும்' என்று அப்படியே வைப்பவர்கள் இருக்கிறார்கள், பிளாஸ்டிக் மக்காது. அடியில் சுருண்ட வேர் இருந்தால் கூர்மையான கத்தியால் அந்த அரை அங்குலத்தை நறுக்கிவிடுங்கள். சுருளோடு வைத்தால் பத்து வருடம் கழித்து அதே வேர் தண்டை நெரிக்கும். நிரப்பிய குழி இன்னும் இறங்கும் என்பதால், கன்றின் மண் கட்டியின் மேல்மட்டம் தரையைவிட இரண்டு அங்குலம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஒட்டு இருந்தால் அது மண்ணுக்கு மேல் அரை அடியாவது நிற்க வேண்டும். தென்னம்பிள்ளை மட்டும் விதிவிலக்கு. அதைக் குழிக்குள் இரண்டடி ஆழத்தில் நட்டு, வளர வளர மண் அணைக்க வேண்டும்.

சுற்றி மிதித்து இறுக்காதீர்கள், உள்ளங்கையால் அழுத்தினால் போதும். உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மண்ணுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். மண் இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் மண் போடுங்கள். ஆடிக் காற்றுக்கு முன்னால், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி இருபுறமும் இரண்டு குச்சி ஊன்றி, பழைய பருத்தித் துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு சற்று ஆட வேண்டும், ஆடினால்தான் அது தடிக்கும். ஒரு வருடத்தில் குச்சியை எடுத்துவிடுங்கள். ஆடு நுழையும் மனை என்றால் சீமைக் கருவேல முள்ளை வெட்டி இடுப்பளவுக்குச் சுற்றி அடைப்பது இங்கே கைக்கெட்டிய வேலி.

தண்ணீர்

முதல் வருடம் மழை இல்லாத நாட்களில் மூன்று நாளைக்கு ஒரு முறை ஒரு குடம், அதாவது பத்துப் பதினைந்து லிட்டர். சித்திரை, வைகாசியில் ஒன்றுவிட்டு ஒரு நாள். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதுதான் கன்றைக் கெடுக்கும் பழக்கம். மேல் மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே நிற்கும், ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வாடும். இரண்டாம் வருடம் வாரம் ஒரு முறை இரண்டு குடம். மூன்றாம் வருடத்திலிருந்து நாட்டு மரங்களுக்குக் கோடையில் மட்டும் போதும்.

தண்டோடு ஒட்டிப் பாத்தி கட்டாதீர்கள். தண்டைச் சுற்றி ஒரு சாணுக்குச் சின்ன மேடு, அதற்கு வெளியே வட்டப் பாத்தி. மரம் வளர வளரப் பாத்தியும் கிளை நுனியின் நிழல் விழும் இடத்துக்கு நகர வேண்டும், உறிஞ்சும் வேர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். உரமும் அங்கேதான்: புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் தொழு உரம் முதல் வருடம் பத்துக் கிலோ, பிறகு வருடத்துக்குப் பத்துக் கிலோ கூட்டி ஐம்பது வரை.

தண்ணீர் ஊற்ற ஆள் குறைவாக உள்ள வீட்டுக்குப் பானைப் பாசனம் நல்ல வழி. மானாமதுரை மண்பானை நமக்குப் பக்கம். மெருகு பூசாத, ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் பானையைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, மூடியால் மூடுங்கள். மூடாவிட்டால் கொசு. வெளியே பெயின்ட் அடித்த அலங்காரப் பானையில் ஈரம் கசியாது, அதனால் பயனில்லை. மண்ணின் ஈரத்தைப் பொறுத்து மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். போர்த் தண்ணீர் உப்பு என்றால் பானையின் துளைகள் நாளடைவில் அடைபடும். வருடத்துக்கு ஒரு முறை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஆர்.ஓ. கழிவு நீரை மரத்துக்கு விடாதீர்கள், அது உப்பைச் செறிவாக்கிய தண்ணீர்.

ஈரம் காக்க மண்ணின் மேல் பரப்பும் மூடாக்குக்கு வைக்கோல், சருகு, தென்னை மட்டைத் துண்டு எதுவானாலும் மூன்று அங்குல கனம் போடலாம். தண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளியே போடுங்கள். இந்த மண்ணில் கரையான் அதிகம், காய்ந்த மூடாக்கு தண்டைத் தொட்டால் அதன் வழியாகவே பட்டைக்கு ஏறும். தண்டில் மண் பூச்சு தெரிந்தால் கையால் உதிர்த்து, அடியில் வேப்பம் பிண்ணாக்கைக் கொத்திக் கலந்து, தண்ணீர் விடுங்கள். கரையான் பெரும்பாலும் தாகத்தில் வாடிய கன்றைத்தான் முதலில் பிடிக்கும்.

கவாத்து

2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கமும் சிவகங்கைப் பக்கமும் சாய்த்த மரங்கள் ஏராளம். வேர் ஆழம் போகாமல் தலை மட்டும் கனத்த மரமே காற்றுக்கு முதலில் சாயும். ஆகவே ஆவணி, புரட்டாசியில் காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்ளுக்குள் அடைத்த சிறு கிளை இவற்றை எடுத்துக் காற்று ஊடுருவ வழி செய்யுங்கள். உச்சியை மொட்டையடிப்பது தீர்வல்ல. அப்படி வெட்டிய இடத்தில் பத்துக் கிளை துளிர்க்கும், ஒன்றுக்கும் பிடிமானம் இருக்காது.

பெரிய கிளையை மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கமாகக் கால்வாசி ஆழம் ஒரு வெட்டு. அதிலிருந்து இரண்டு அங்குலம் வெளியே மேல்பக்கமாக இரண்டாவது வெட்டு, கிளை முறிந்து விழும். கடைசியில் மிஞ்சிய கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் தெரியும் தடித்த வளையத்துக்கு வெளியே ஒட்டி வெட்டுங்கள். அந்த வளையத்திலிருந்துதான் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். அதையும் சேர்த்து வழித்துவிட்டால் காயம் ஆறாது. ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால் கிளை விழும்போது பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு போகும்.

மா, எலுமிச்சையின் வெட்டுக் காயத்துக்குப் பூசணம் பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை தடவலாம். மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) நூறு கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு நூறு கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் கரைத்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு, பித்தளை கூடாது. ஒரு பழைய கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே பயன்படுத்துங்கள்.

புல்தரை

ஆயிரம் சதுர அடிப் புல்தரை கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நானூறு லிட்டர் தண்ணீர் குடிக்கும். மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர், ஒரு பெரிய லாரித் தண்ணீர். இதைக் கணக்குப் பார்த்த பிறகு அளவை முடிவு செய்யுங்கள். முன்வாசலில் இருநூறு, முந்நூறு சதுர அடிப் புல்லும் மிச்ச இடத்தில் மர நிழலும் என்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் புல்தரை வேண்டவே வேண்டாம்.

எந்தப் புல்? வெயில் படும் இடத்துக்கு அருகம்புல் (அருகு). மண் ஈரம் போனால் பழுத்து, மழை வந்ததும் மறுபடி பச்சையாகும், சாகாது. கொரியன் புல் பார்க்க மெத்தென்று இருக்கும், ஆனால் மெதுவாகப் பரவும், இடையில் களை புகுந்தால் பிடுங்குவது பெரும்பாடு. பாதி நிழல் விழும் இடத்தில் எருமைப் புல் எனப்படும் அகல இலைப் புல் நிற்கும். மா மரத்தடியின் முழு நிழலில் எந்தப் புல்லும் நிற்காது, அங்கே சருகை மூடாக்காக விட்டுவிடுவது மரத்துக்கும் நல்லது.

நடவுக்கு முந்தைய வேலைதான் முக்கால்வாசி. ஒரு அடி ஆழம் கொத்திச் சரளையைச் சலித்து எடுங்கள். தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நாள் காத்திருந்தால் கோரை முளைக்கும். மேலே கிள்ளாமல், தோட்ட முள்கரண்டி விட்டுக் கிழங்கோடு தோண்டுங்கள். கிழங்குகள் கீழே சரமாகக் கோத்திருக்கும், ஒன்றை விட்டால் பத்தாகும். இப்படி மூன்று முறையாவது செய்யாமல் புல் நட்டால் அடுத்த ஆடிக்குள் அது கோரைத் தரையாகிவிடும். பிறகு நூறு சதுர அடிக்கு ஆறேழு சிமென்ட் சாக்கு அளவு சலித்த தொழு உரம் பரப்பிக் கலந்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுங்கள். பலகையால் இழுத்து மட்டம் பார்த்து, தண்ணீர் தெளித்து, இறங்கிய பள்ளங்களை நிரப்புங்கள்.

புரட்டாசித் தொடக்கத்தில் நடவும். அருகு வேர்த் துண்டுகளை மூன்று நாலு அங்குல இடைவெளியில் சாய்வாக ஊன்றி, கணு மண்ணுக்குள் போகும்படி அழுத்துங்கள். நாலைந்து வாரத்தில் வேர் பிடித்தால் ஐப்பசிக் கனமழையில் மண் கரையாது. தாமதமாகிவிட்டால் தை வரை பொறுங்கள், கனமழையில் நட்டுக் கையிருப்பு மண்ணையும் இழக்க வேண்டாம்.

முதல் வெட்டு புல் இரண்டு அங்குலம் வந்ததும். ஒரு முறை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அருகை ஒன்றேகால் அங்குலத்தில் வைத்திருங்கள், பங்குனி முதல் வைகாசி வரை அதை ஒன்றரை, ஒன்றேமுக்காலாக உயர்த்துங்கள். ஒட்ட வெட்டினால் அடித்தண்டு வெயிலில் கருகித் திட்டுத் திட்டாக மண் தெரியும். கத்தி மழுங்கியிருந்தால் புல் நுனி கிழிந்து, தரை முழுதும் வெள்ளை படிந்தது போல் இருக்கும். உரமாக நூறு சதுர அடிக்கு எண்பது, தொண்ணூறு கிராம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, சாயங்காலம் தெளித்து, உடனே இன்னொரு முறை வெறும் தண்ணீர் விடுங்கள். வருடத்துக்கு மூன்று முறை போதும், காய்ந்து கிடக்கும் கோடையில் கூடாது.

தண்ணீரை விடியற்காலையில் விடுங்கள். கார்த்திகையில் இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் பூசணம் பிடித்து வட்டமாக வெளுக்கும். வெயில் காலத்தில் ஒரு திட்டு காய்ந்தால் அந்த இடத்துப் புல்லைக் கையால் இழுத்துப் பாருங்கள். பாய் சுருட்டுவது போல் வேரின்றிக் கையோடு வந்தால் அடியில் வெண்ணிற வேர்ப்புழு இருக்கிறது, பெரும்பாலும் மக்காத சாணத்தோடு வந்தது. அந்த இடத்தைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிப் போட்டால் மைனாவும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். பிறகு வேப்பம் பிண்ணாக்குத் தூளைத் தூவி, பக்கத்து அருகையே எடுத்து அங்கே ஊன்றிவிடுங்கள்.